பெங்களூரில் வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு இயற்கை, அறிவியல் வகுப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோருக்குக் கணக்கும் மொழியும் அவ்வளவு பெரிய சிக்கலாக இருப்பதில்லை. முதலில் இடறுவது அறிவியல்தான். பாடத்தை வாசித்துவிடலாம், ஆனால் ஒரு புழு தோலுரிப்பதைக் காத்திருந்து பார்ப்பதற்கும், ஒரே சோதனையை மூன்று பேர் செய்து மூன்று விடைகள் வரும்போது ஏன் என்று வாதாடுவதற்கும் கூடவே இரண்டு மூன்று பிள்ளைகளும், பொறுமையுள்ள ஒரு பெரியவரும், திரும்பத் திரும்பப் போய்வர ஓர் இடமும் வேண்டும். பெங்களூரில் இவை எல்லாமே கிடைக்கும். எது எங்கே இருக்கிறது, யாரிடம் எப்படிக் கேட்பது, எந்தக் காகிதம் எப்போது தேவைப்படும் என்பவற்றை ஒரே இடத்தில் சொல்வோர்தான் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து, கன்னடம் பழகிக்கொண்டே, விசாரித்து விசாரித்து நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அதே அலைச்சலை மறுபடி அலைய வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு புது இடம், மாதம் ஒரு புதுப் பட்டறை என்று ஓடுவதால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது குறைவு. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே இடத்துக்கு, ஒரே சிறு குழுவோடு, ஓராண்டு முழுவதும் போய்வாருங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை.

1. சட்ட நிலையைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. வீட்டுக்கல்விக்கென்று தனி விதியோ, பதிவு அலுவலகமோ, அனுமதிச் சீட்டோ அதில் இல்லை. ஆகவே ‘ஹோம்ஸ்கூல் பதிவுச் சான்றிதழ்’ வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குழு தொடங்குவோர் கவனிக்க வேண்டியது இதே சட்டத்தின் 18ஆம் பிரிவு. அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அது வழி செய்கிறது. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ பெற்றோர் கூடி நடத்தும் சில மணி நேர வகுப்பு பள்ளி ஆகாது. ஆனால் நாள்தோறும் காலை முதல் மாலை வரை பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பெயர்ப்பலகை மாட்டி, சேர்க்கைக் கட்டணமும் வாங்கத் தொடங்கினால் நீங்கள் வேறொரு வேலைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று பொருள். குழுவின் பெயரில் ‘பள்ளி’, ‘அகாடமி’ போன்ற சொற்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. காகிதங்களை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள்

பூச்சி பார்க்கப் போவதற்குக் காகிதம் எதற்கு என்று தோன்றும். பிள்ளைக்கு 14 வயதாகும்போது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்ஸில், பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யும் நாளில்தான் அதன் அருமை தெரியும். அப்போது பதறாமல் இருக்க மூன்று காரியங்களை முடித்துவையுங்கள்.

முதலாவது, பெயர். தமிழ்க் குடும்பங்களுக்கென்றே வரும் சிக்கல் இது. பிறப்புச் சான்றிதழில் ‘க. யாழினி’ என்று இருக்கும். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னால் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக மாறியிருக்கும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் ஒவ்வோர் அலுவலகத்திலும் திருப்பி அனுப்புவார்கள். ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்திவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே ஏறாமல் விட்டுப்போயிருந்தால், பிறப்பைப் பதிவு செய்த ஊரின் பதிவாளரிடம் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பிள்ளை மதுரையில் பிறந்திருந்தால் இதை மதுரையில்தான் செய்ய வேண்டும் என்பதால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாற்றுச் சான்றிதழ். பிள்ளை சில ஆண்டுகள் பள்ளியில் படித்துவிட்டு நின்றிருந்தால், கட்டண பாக்கி ஏதும் இல்லாமல் முடித்து அதை உடனே வாங்கிவிடுங்கள். கர்நாடகப் பள்ளியாக இருந்தால் மாணவருக்கு ‘சாட்ஸ்’ எண், அதாவது மாநிலக் கல்வித்துறைப் பதிவேட்டில் உள்ள அடையாள எண், இருக்கும். அது சான்றிதழில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்தில் மறுபடி பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

மூன்றாவது, பிள்ளையின் வேலைகளைச் சேர்த்துவைக்கும் கோப்பு. நாள், இடம், பார்த்தது, அளந்தது, வரைந்த படம் ஆகியவை பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்கட்டும். இப்படி ஒரு கோப்பைக் கேட்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் உறவினர் கேள்வி கேட்கும்போதும், பள்ளி நுழைவு நேர்காணலிலும், பின்னாளில் செய்முறைப் பதிவேடு எழுதும்போதும் இதைப்போல உதவும் வேறொன்று இல்லை.

3. குழுவைச் சிறியதாக வையுங்கள்

ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் போதும். பத்தைத் தாண்டினால் ஏரிக்கரையில் யாரும் எதையும் பார்க்க முடியாது. சத்தத்தில் பறவை பறந்துவிடும். வயது வித்தியாசம் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் இருப்பது நல்லது. ஏழு வயதுப் பிள்ளை நத்தையின் பின்னாலேயே அரை மணி நேரம் நகர்ந்துகொண்டிருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நத்தை எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் நடத்த ஒருவரால் முடியாது.

ஆட்களைத் தேட வீட்டுக்கல்விப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களும் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவும் போதும். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு வந்துபோகும் குடும்பங்களிடமும் சொல்லிவைக்கலாம். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குழுவில் கன்னட, மலையாளக் குடும்பங்களும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் ஒரு மரத்துக்கு வழங்கும் பெயரைக் கேட்டுவந்து குறிப்பேட்டில் எழுதும். தாத்தா பாட்டியோடு பேசுவதற்கு அதனாலேயே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டியவை சில உண்டு. எத்தனை பிள்ளைகள் வந்தாலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் பிறர் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. ஒவ்வாமை, ஆஸ்துமா, இரத்த வகை, அவசரத் தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய ஒரு பக்கப் படிவத்தை ஒவ்வொரு குடும்பத்திடமும் கையெழுத்தோடு வாங்குங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைக் குழுவுக்கு வெளியே யாரும் பகிரக் கூடாது. வெளியிலிருந்து ஆசிரியரை அமர்த்தினால், கர்நாடக அரசின் ‘சேவா சிந்து’ இணையதளத்தின் வழியாகக் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றிதழைப் பெற்றுத் தரச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

4. ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே போங்கள்

உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஏரி எது என்று பாருங்கள். சர்ஜாபூர் சாலையில் கைகொண்டரஹள்ளி, ஜே.பி. நகரில் புட்டேனஹள்ளி, வடக்கே ஜக்கூர், நகரின் நடுவில் அல்சூர் என்று எந்தப் பக்கத்துக்கும் ஒன்று இருக்கிறது. ஏரி கிடைக்காவிட்டால் கப்பன் பூங்காவோ லால்பாகோ போதும். பெரிய காடு தேவையே இல்லை. பல ஏரிகளின் வாயிலை நண்பகலில் பூட்டிவிடுவார்கள் என்பதால், காலை ஆறரைக்குப் போய் ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். பறவைகளுக்கும் அதுதான் நல்ல நேரம்.

அங்கே என்ன செய்வது? முதல் மாதம் ஒன்றையும் கற்பிக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். வாரந்தோறும் அதே மரத்தில் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய் ஆகியவை இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்கட்டும். ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டம் இதே முறையில்தான் இந்தியா முழுவதும் மரங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டுகிறது. பதிவு செய்யக் கட்டணம் இல்லை, பிள்ளைகளும் சேரலாம். தொடக்கத்துக்குப் புங்கமரம் மிக நல்லது. பெங்களூரின் தெருவெங்கும் அது நிற்கிறது. குளிர்காலத்தின் கடைசியில் இலையை உதிர்த்து, பளபளக்கும் இளம்பச்சைத் தளிர் விட்டு, பிறகு பூத்துத் தரையெல்லாம் உதிர்த்துவிடும். மாற்றம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் சிறு பிள்ளைக்கும் சலிப்பு வராது.

பறவைகளில் பத்தைப் பழகினால் போதும். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா, வெண்மார்பு மீன்கொத்தி, மடையான், கரும்பருந்து, செம்பருந்து, மைனா ஆகிய இவை பெரும்பாலான ஏரிகளில் கிடைக்கும். பெயர் சொல்வதோடு நிறுத்திவிடாமல், ‘முக்குளிப்பான் ஒரு முழுக்கில் எத்தனை விநாடி உள்ளே இருக்கிறது?’ என்று கேட்டுக் கடிகாரத்தைக் கையில் கொடுங்கள். பத்து முழுக்குகளை அளந்து சராசரி கண்டுபிடித்த பிள்ளைக்குச் சராசரி என்றால் என்னவென்று தனியாக நடத்த வேண்டிய அவசியம் வராது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ‘எர்லி பேர்ட்’ திட்டம் பிள்ளைகளுக்கான பறவைக் கையேடுகளையும் படங்களையும் இந்திய மொழிகள் பலவற்றில் தருகிறது, தமிழிலும் உண்டு.

ஜக்கூர்ப் பக்கம் இருப்போருக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. அங்கே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர், சம்பங்கோரை வளர்ந்த ஈரநிலத்தின் வழியாகப் பாய்ந்து மேலும் தெளிந்த பிறகே ஏரிக்குள் சேர்கிறது. இரண்டு இடங்களில் எடுத்த நீரை ஒரே அளவுக் கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, அடியில் அச்சடித்த எழுத்தை வைத்து மேலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். எது தெளிவு, ஏன் தெளிவு என்ற பேச்சு தானாகத் தொடங்கும். நகரத்து ஏரி நீரில் கழிவுநீர் கலந்திருக்கும் என்பதால் பெரியவர்தான் கையுறை போட்டு நீரை எடுக்க வேண்டும். முடித்ததும் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

வீட்டிலும் ஓர் ‘ஏரி’ உண்டு. அது பால்கனியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடி. இலையின் மேல் பறவை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் துடைத்துவிடாதீர்கள். அநேகமாக அது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கும். சில முறை தோலுரித்த பிறகு இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். அப்போது மெல்லிய குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைபோன்ற ஓர் உறுப்பை வெளியே நீட்டும். புளித்த வாடை ஒன்றும் வரும். எதிரியை விரட்டும் வழி அது. ஒருமுறை காட்டினால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள். கூட்டுப்புழுவாகும் நாளும் பூச்சி வெளிவரும் நாளும் எப்போது என்று பிள்ளைகளைக் கணித்து எழுதச் சொல்லுங்கள். வெளிவந்த பூச்சி இறக்கை உலரும் வரை தொங்கிக்கொண்டிருக்கும். அந்நேரம் தொடக் கூடாது. முடிந்ததும் பறக்க விட்டுவிட வேண்டும். செடிக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தால் இது எதுவும் நடக்காது.

எச்சரிக்கைகள் சில. பறவைக் கூடு, முட்டை, இறகு எதையும் வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆமையையோ கிளியையோ ‘வகுப்புக்காக’ வாங்கி வளர்ப்பதும் கூடாது. மழைக்காலத்தில் தோட்டங்களில் மொய்க்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தை நோய்க்கிருமிகளைச் சுமக்கக்கூடியது. வெறுங்கையால் தொட விடாதீர்கள். உயர்ந்த மரங்களில் மலைத்தேனீ அடை தொங்கினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கல்லெறிவது, புகைபோடுவது, அதிக வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருவது எல்லாமே ஆபத்து. 108 எண்ணும், ஏரிக்கு அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரும் எல்லாப் பெரியவர்களின் கைபேசியிலும் இருக்கட்டும்.

கட்டணமும் பதாகையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் ஆறேழு பிள்ளைகளோடு நடப்பதற்கு எங்களிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. பட்டறை என்று விளம்பரப்படுத்திக் கட்டணம் வாங்கினால் நிலைமை வேறு. லால்பாக், கப்பன் பூங்கா என்றால் தோட்டக்கலைத் துறையிடமும், ஏரி என்றால் மாநகராட்சியிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

5. கருவிகளில் எதை வாங்குவது, எதை விடுவது

ஆளுக்கொரு வரிக்கோடில்லாத குறிப்பேடு, பென்சில், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், அளவுநாடா. இவ்வளவுதான் முதல் மூன்று மாதத்துக்கு. ஒரு பிள்ளைக்கு 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கியான ‘ஃபோல்ட்ஸ்கோப்’ ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கும். வெங்காயத் தோலின் செல்லும், குளத்து நீரில் ஓடும் நுண்ணுயிரும் நன்றாகத் தெரியும். மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கினால் சரி. பைனாகுலர் வாங்குவதானால் குழுவுக்குப் பொதுவாக 8x42 அளவில் ஒன்று வாங்குங்கள். ஓரளவு தரமானதற்கு ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பொம்மைக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பைனாகுலர் பிள்ளையின் ஆர்வத்தையே கெடுத்துவிடும்.

பெட்டியில் அடைத்து வரும் ‘அறிவியல் கிட்’டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி எஸ்.பி. சாலையில் தனித்தனியாக, மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிறு மோட்டார், எல்.இ.டி., காந்தம், செம்புக் கம்பி, பேட்டரிக் கூடு எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். கடைக்காரரிடம் தாமே கேட்டு வாங்கிய பொருளை அவர்கள் வீணாக்குவதில்லை. குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யும் முறைகளை அரவிந்த் குப்தா இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். காசு செலவழிக்கும் முன் அதைப் பாருங்கள்.

6. வீட்டுக்குள் செய்யும் சோதனைகள்

மழை நாளுக்கும் கடும் வெயிலுக்கும் இவை. குடியிருப்பின் சமூகக்கூடத்தைக் கேட்கலாம். அதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருக்கு முறையாகக் கடிதம் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் வாயிற்காவலரிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டால் வாக்குவாதம் வராது.

சமையலறையே நல்ல ஆய்வுக்கூடம். மஞ்சளைக் கரைத்துத் தாளில் பூசி உலர்த்தினால், சோப்பு நீரும் சுண்ணாம்பு நீரும் அதைச் சிவப்பாக்கும். எலுமிச்சைச் சாறு மீண்டும் மஞ்சளாக்கும். எலுமிச்சம்பழத்தில் செம்புத் துண்டையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் செருகினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். சிவப்பு எல்.இ.டி.க்கு இரண்டு வோல்ட்டு அளவில் வேண்டும் என்பதால் ஒரு பழத்தில் எரியாது. ‘ஏன் எரியவில்லை?’ என்று பிள்ளைகள் தாங்களாகவே இரண்டாவது, மூன்றாவது பழத்தைத் தொடராக இணைக்கும் வரை நீங்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அதுதான் இந்த வகுப்பில் பெரியவரின் கடினமான வேலை.

கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளிவரும். சுவரில் உள்ள மின்சாரப் பிளக்கைத் தொடாமல் பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கைபேசியின் பேட்டரியைக் கழற்றிப் பயன்படுத்தாதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடியது. இணையக் காணொளியில் பார்த்த சோதனையைப் பெரியவர் ஒருமுறை தனியாகச் செய்து பார்த்த பிறகே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

7. நகரின் அறிவியல் இடங்களை எப்படிப் பயன்படுத்துவது

கஸ்தூர்பா சாலையின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தை ஒரே நாளில் முழுக்கச் சுற்றாதீர்கள். இயந்திரக் கூடம் மட்டும் ஒருநாள், மின்சாரம் மட்டும் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களில் கூட்டம் மொய்க்கும். வீட்டுக்கல்விப் பிள்ளைகளின் பெரிய வசதியே வேலைநாள் காலையில் போக முடிவதுதான். ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் திங்கட்கிழமை விடுமுறை. அங்கே காட்சி மட்டுமல்லாமல் பொது விரிவுரைகளும் நடக்கும். பன்னேருகட்டா உயிரியல் பூங்காவும் அதன் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். இது தெரியாமல் பிள்ளைகளோடு போய் வாயிலில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பெல்லாரி சாலையின் ‘சயின்ஸ் கேலரி’க்கு நுழைவுக் கட்டணம் இல்லை, பதினைந்து வயதை நெருங்கும் பிள்ளைகளுக்கு அது பொருந்தும்.

இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு சனிக்கிழமை, தன் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. கட்டணம் இல்லை, கூட்டம் மிக அதிகம். திறந்தவுடன் போய், இரண்டு துறைகளை மட்டும் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தின் கிருஷி மேளா பெரும்பாலும் நவம்பரில் நடக்கும். மண், விதை, பூச்சி என்று கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லும் ஆய்வாளர்கள் அங்கே கிடைப்பார்கள்.

லால்பாகில் மரங்களைப் பார்ப்பதோடு அந்தப் பாறையின் மேல் ஏறுங்கள். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழைமையான அந்த ‘நைஸ்’ (gneiss) என்னும் உருமாறிய பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. குனிந்து பார்த்தால் வெளிறிய பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி வளைந்து ஓடுவது தெரியும். பிள்ளைகள் அதை அப்படியே வரையட்டும். சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டையும் ஒட்டி நடக்கும் மலர்க்கண்காட்சி நாள்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

குழுச் சலுகைக்குப் பல இடங்களில் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் கேட்பார்கள். ஓர் இடத்தில் எங்களைக் கவுன்டருக்குக் கவுன்டர் அனுப்பிவிட்டுக் கடைசியில் முடியாது என்றார்கள். பெற்றோர் குழுவின் பெயரில், பிள்ளைகளின் பெயர், வயது, உடன் வரும் பெரியவர்கள், நாள், நேரம் எல்லாம் குறிப்பிட்ட கடிதத்தை ஒரு வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். மறுத்தால் சாதாரணச் சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். அந்த வேறுபாட்டுக்காக ஒரு காலைப் பொழுதை இழப்பது நட்டம்.

8. கட்டண வகுப்பில் சேர்க்கும் முன்

ஓர் ஆண்டுக் கட்டணத்தை முழுதாக முன்பணமாகக் கட்டாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வகுப்பில், செய்முறை என்று விளம்பரப்படுத்திவிட்டுச் சில வாரங்களில் திரையில் படம் காட்டத் தொடங்கினார்கள், ஆசிரியரும் மாறினார், பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்புறம் இருந்த சிறு எழுத்தைக் காட்டினார்கள். சேரும் முன் ஒரு வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பொருளைத் தொடுவது பிள்ளையா ஆசிரியரா என்பதை மட்டும் கவனியுங்கள். பணம் திரும்பும் விதிகளை எழுத்தில் கேளுங்கள்; மாதக் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்வோரையே தேர்ந்தெடுங்கள்.

எங்கள் குழு வேறு வழியைக் கண்டுபிடித்தது. விலங்கியல் முடித்த ஓர் இளம் ஆசிரியரை மாதம் இருமுறை அமர்த்தி, அமர்வுக்கு 1,500 ரூபாய் தருகிறோம். ஆறு குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 250. மற்ற இரு வாரங்களைப் பெற்றோர் முறைவைத்து நடத்துகிறோம். ஆட்டோ, மெட்ரோ, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதில்லை. கணக்கை ஒருவரே வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

9. எந்த மாதத்தில் எதை வைப்பது

ஜூனில் தொடங்குவதே நல்லது. மழையோடு நத்தை, தவளை, காளான், எறும்பு எல்லாம் வெளியே வரும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் பெங்களூரில் மழை மிக அதிகம் என்பதால் வீட்டுக்குள் செய்யும் சோதனைகளை அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொசுவும் டெங்குவும் உள்ள காலம், முழுக்கைச் சட்டை கட்டாயம். அதே சமயத்தில் வாலாட்டிக் குருவிகள் போன்ற வலசைப் பறவைகள் வந்துசேரும், முதலில் பார்த்த தேதியைக் குறிக்கத் தவறாதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். மாடியிலிருந்தே வியாழனையும் நிலாவையும் பார்க்கலாம்.

ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் நாள்காட்டியில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அந்நாள்களை ஒட்டி நண்பகலில் சூரியன் பெங்களூருக்கு நேர் உச்சியில் வரும். செங்குத்தாக நிறுத்திய குழாயின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். ஏப்ரலில் இது ஏறத்தாழ 12.17க்கு நடக்கும். சென்னையும் ஏறக்குறைய இதே அட்சரேகையில் இருப்பதால் அங்கேயும் அதே நாள்தான்; ஆனால் பத்துப் பதினொரு நிமிடம் முன்னதாக. சென்னையில் பாட்டி இருந்தால் மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, தொலைபேசியில் இரண்டு நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் என்பதை வைத்து, இரு நகரங்களுக்கும் இடையே எத்தனை பாகை என்று பத்து வயதுப் பிள்ளையே கணக்கிட்டுவிடும். ஆகஸ்ட் மாதம் மேகம் மறைக்க வாய்ப்பு அதிகம் என்பதால் ஏப்ரலை நம்புங்கள். சூரியனை நேராகப் பார்க்க எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது.

10. என்ஐஓஎஸ் செய்முறைத் தேர்வை மனத்தில் வையுங்கள்

பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயதும் ஆகியிருக்க வேண்டும். முன்பு பள்ளியில் படித்த சான்று இல்லாவிட்டாலும், பத்தாம் வகுப்புப் படிக்கும் அளவுக்குத் தான் படித்திருப்பதாகத் தரும் சுய உறுதிமொழியை ஏற்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கையெழுத்து ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வையுங்கள். இரண்டாம் படியில் சொன்ன பெயர்ப் பொருத்தம் இங்கேதான் சோதிக்கப்படும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் காலங்களில் நடக்கிறது. ஒரு பதிவு ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. எனவே ஐந்து பாடங்களையும் ஒரே முறை எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. அறிவியலைத் தனியாகப் பிறகு எழுதலாம்.

அறிவியல் பாடத்துக்கு எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். பதிவின்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்பு மையத்தில்தான் செய்முறைப் பயிற்சி. இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்: வீட்டுக்குப் பக்கம் என்று ஒரு மையத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அங்கே ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடப்பது தெரியவரும். விண்ணப்பிக்கும் முன் மையத்துக்கு நேரில் போங்கள். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். செய்முறை வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை வாரம், பதிவேட்டில் கையெழுத்திடும் ஆசிரியர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால், சற்றுத் தொலைவானாலும் அடுத்த மையத்தைப் பாருங்கள். செய்முறைப் பதிவேட்டைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் உட்கார்ந்து எழுதாமல், ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அன்றன்றே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். மையங்களில் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மூன்று மாதத்துக்கு முந்தைய சோதனைக்குப் புதிதாக வந்தவர் கையெழுத்திடத் தயங்குவார்.